மருத்துவக் கழிவு: பிரிக்கும் கை தொடங்கி எரிகலனின் சாம்பல் வரை

60 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையின் நிர்வாகப் பொறுப்பை அண்மையில் ஏற்றிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வண்ணத் தொட்டிகள் வாங்கி வைத்து, சுவரில் விளக்கப்படங்களை ஒட்டி, ஊழியர்களுக்கு வகுப்பும் எடுத்த பிறகும் சாதாரணக் குப்பைப் பைகளில் ஊசிகள் கிடக்கின்றன என்றும், இவ்வளவு பாடுபட்டுப் பிரிப்பதைவிட எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து எரித்துவிட்டால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். நோய்த்தொற்றுத் தடுப்புப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: எரிக்கக் கூடாது. கழிவு பாதுகாப்பாக முடியுமா முடியாதா என்பது எரிகலனில் தீர்மானமாவதில்லை. அந்தப் பொருளைக் கடைசியாகப் பயன்படுத்தியவர் அதைக் கையிலிருந்து விடும் அந்த ஒரு நொடியில் தீர்மானமாகிறது. அந்த நொடியில் நேர்ந்த தவற்றைப் பின்னால் வரும் எந்த இயந்திரத்தாலும் முழுமையாகத் திருத்த முடியாது.

காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, மருத்துவச் சேவையில் உண்டாகும் மொத்தக் கழிவில் ஏறத்தாழ 85 சதவீதம் வீட்டுக் குப்பையிலிருந்து வேறுபடாத சாதாரணக் கழிவு: அட்டைப் பெட்டிகள், காகிதம், உணவு மிச்சம், உறைகள். மீதமுள்ள 15 சதவீதமே தொற்றோ நச்சோ கதிரியக்கமோ உடையது. ஆபத்தான கழிவின் அளவு, வசதி மிகுந்த நாடுகளில் ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ வரையும், வருவாய் குறைந்த நாடுகளில் சராசரியாக 200 கிராமும் என்று அதே நிறுவனம் கூறுகிறது. அந்த உயர் அளவையே எடுத்துக்கொண்டாலும் உங்கள் மருத்துவமனையில் ஒரு நாளில் கவனமாகக் கையாள வேண்டியது 30 கிலோதான். ஆனால் ரத்தம் தோய்ந்த பஞ்சை அட்டைப் பெட்டிகளோடு சேர்த்துப் போட்டால் அட்டைப் பெட்டியும் தொற்றுக் கழிவாகிவிடும். அந்த 30 கிலோ 200 கிலோவாகப் பெருகும். அந்த 200 கிலோவையும் ஒருவர் தூக்க வேண்டும், ஒரு வண்டி ஏற்ற வேண்டும், ஓர் இயந்திரம் கையாள வேண்டும். பிரிப்பதைத் தூய்மை குறித்த ஒரு சடங்காகப் பார்க்காமல், ஆபத்தைச் சிறிய பரப்புக்குள் அடக்கி வைக்கும் வழியாகப் பார்த்தால் அதற்குச் செலவிடும் உழைப்பின் நியாயம் விளங்கும்.

அந்தச் சிறிய பரப்புக்குள்ளும் எல்லாம் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. ரத்தக்கறை படிந்த கட்டுத்துணி பார்ப்பதற்கு அச்சமூட்டும். ஆனால் அது தோலைத் துளைக்காது. ஊசி, அறுவைக் கத்தியின் அலகு, உடைந்த கண்ணாடிக் குப்பி ஆகியவை தோலைத் துளைத்துக் கிருமியை நேராக ரத்தத்தில் சேர்த்துவிடும். தொற்றுள்ள ஒருவரின் ரத்தம் படிந்த ஊசி ஒருமுறை குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரையும், ஹெபடைட்டிஸ் சி தொற்றும் வாய்ப்பு 1.8 சதவீதமும், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 0.3 சதவீதமும் என்பது பல காலமாக ஏற்கப்பட்ட கணிப்பு. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த ரத்தத்திலும் குறைந்தது ஏழு நாட்கள் தொற்றும் திறனோடு இருக்கும். ஆகவே நேற்று வீசிய ஊசி இன்று பாதிப்பில்லாதது என்று எவரும் எண்ண முடியாது. உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 கோடி ஊசிகள் போடப்படுகின்றன. 2010ஆம் ஆண்டில் மட்டும் பாதுகாப்பற்ற ஊசிகளால் 17 லட்சம் பேர் வரை ஹெபடைட்டிஸ் பி தொற்றுக்கும், 3,15,000 பேர் வரை ஹெபடைட்டிஸ் சி தொற்றுக்கும், 33,800 பேர் வரை எச்.ஐ.வி. தொற்றுக்கும் ஆளாகியிருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. கிருமி நீக்காமல் மறுபடியும் பயன்படுத்தப்பட்ட ஊசிகளும் இந்தக் கணக்கில் அடங்கும். குப்பையிலிருந்து பொறுக்கப்பட்டு விற்பனைக்குத் திரும்பும் ஊசி, சரியாக அழிக்கப்படாத கழிவின் இன்னொரு முகம்.

நான் பணியாற்றிய ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மருத்துவர் காயத்துக்குத் தையல் போட்டுவிட்டு, வளைந்த தையல் ஊசியைப் பஞ்சுக்குள் சுருட்டித் தட்டிலேயே விட்டுவிட்டார். தட்டை எடுத்த பயிற்சிச் செவிலியர் பஞ்சோடு அதைத் தொற்றுக் கழிவுப் பையில் கொட்டினார். பையைக் கட்டுவதற்காக உள்ளே இருந்த காற்றை உள்ளங்கையால் அழுத்தி வெளியேற்றிய தூய்மைப் பணியாளரின் கையில் அது ஏறியது. எந்த நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி என்று கண்டறியவே வழியில்லை. அந்தப் பணியாளருக்குத் தடுப்பூசியும் போடப்பட்டிருக்கவில்லை. தொற்று எதுவும் இல்லை என்று உறுதியாகும் வரை அந்தக் குடும்பம் பட்ட வேதனையை அருகிலிருந்து பார்த்தேன். மருத்துவரும் செவிலியரும் அலட்சியக்காரர்கள் அல்லர். கூர்முனைப் பொருட்களுக்கான பெட்டி அந்த அறையின் மறுகோடியில், கதவுக்குப் பின்னால் இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

ஆகவே, வகுப்பு எடுத்தும் ஊசிகள் இடம் மாறிக் கிடக்கின்றன என்றால், மீண்டும் ஒரு வகுப்பு எடுப்பதற்கு முன் பெட்டிகள் இருக்கும் இடங்களைப் பாருங்கள். ஊசி போடும் ஒவ்வோர் இடத்திலும், போட்டவர் நின்ற நிலையிலிருந்தே கையை நீட்டி எட்டும் தொலைவில் பெட்டி இருக்க வேண்டும். படுக்கைக்குப் படுக்கை நகர்ந்து வேலை செய்யும் வார்டில் பெட்டி மருந்துத் தள்ளுவண்டியிலேயே இருக்க வேண்டும். அதன் வாய் கண்மட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் உள்ளே எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது தெரியும். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கவும் கூடாது. குத்தினால் துளையாத, கசியாத, கவிழாத பெட்டியாக இருப்பதும், முக்கால் பங்கு நிறைந்தவுடன் மூடி முத்திரையிடப்படுவதும் கட்டாயம். நிறைந்த பெட்டிக்குள் இன்னோர் ஊசியைத் திணிக்கும்போதுதான் உள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி விரலில் ஏறுகிறது. நிறைந்த பெட்டியை எடுக்கும் அதே நேரத்தில் வெற்றுப் பெட்டியை வைத்துவிட வேண்டும். இடையில் அரை மணி நேரம் பெட்டி இல்லாமல் இருந்தாலும் அந்த அரை மணி நேரத்தில் பயன்பட்ட ஊசிகள் வேறு எங்காவது போய்ச் சேரும்.

பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடக் கூடாது என்பது எல்லோரும் கேட்டுப் பழகிய விதி. ஆயினும் கை தன்னையறியாமல் மூடியைத் தேடும், ஏனெனில் திறந்த ஊசியோடு நடப்பது ஆபத்து என்று மனம் சரியாகவே உணர்கிறது. நடக்க வேண்டிய தேவையை நீக்கிவிட்டால் மூடும் பழக்கமும் மெல்ல மறையும். தவிர்க்கவே முடியாத தருணத்தில், மூடியை மேசைமேல் கிடத்தி, ஒரே கையால் ஊசியைக் கொண்டு அதை அள்ளி எடுக்கும் முறையைப் பின்பற்றலாம். மற்றொரு கை அருகில் வரவே கூடாது. ஊசியைக் கையால் வளைப்பதும், சிரிஞ்சிலிருந்து விரலால் கழற்றுவதும் எந்த நிலையிலும் ஏற்கத்தக்கவை அல்ல. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதியை எழுத்தில் வைத்து, தலைமை மருத்துவர் உட்பட எவருக்கும் விலக்கின்றி நடைமுறைப்படுத்துங்கள்: கூர்முனைப் பொருளைப் பயன்படுத்தியவரே தம் கையால் அதைப் பெட்டியில் இட வேண்டும், தட்டில் விட்டுச் செல்லவோ இன்னொருவரிடம் நீட்டவோ கூடாது.

வண்ணங்களைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் தொற்றுக் கழிவுக்கும் கூர்முனைப் பொருட்களுக்கும் மஞ்சளும், வேதிப்பொருட்களுக்கும் மருந்துகளுக்கும் பழுப்பும், சாதாரணக் கழிவுக்குக் கறுப்பும் உண்டு. நீங்கள் பின்பற்ற வேண்டியது உங்கள் நாட்டுச் சட்டம் வகுத்த வண்ணங்களை. எந்த வண்ணம் என்பதைவிட, கட்டடம் முழுவதும் ஒரு வண்ணத்துக்கு ஒரே பொருள் இருக்கிறதா என்பதே முக்கியம். கையிருப்புத் தீர்ந்த நாளில் மஞ்சள் பைக்குப் பதில் கறுப்புப் பையை மாட்டிவிடும் ஒரு செயல், பல மாதங்களாக வளர்த்த பழக்கத்தை ஒரே நாளில் குலைத்துவிடும். அதனால் பைகளைக் கொள்முதல் செய்யும் அலுவலரும் நோய்த்தொற்றுத் தடுப்புக் குழுவில் இடம்பெறுவது நல்லது. இன்னொன்று: தொற்றுக் கழிவுத் தொட்டி இருக்கும் இடத்தில் சாதாரணக் கழிவுத் தொட்டியும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் எல்லாம் அதில்தான் விழும். அது மனிதர்களின் குற்றமல்ல.

கழிவு உண்டாவதையே குறைப்பது பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை, கொரோனா பெருந்தொற்றை எதிர்கொள்ள ஐக்கிய நாடுகள் அமைப்பின் கூட்டு ஏற்பாட்டின் வழியாக மட்டும் கொள்முதல் செய்து அனுப்பப்பட்ட பாதுகாப்பு உடைகளும் கருவிகளும் ஏறத்தாழ 87,000 டன் என்றும், அவற்றில் பெரும்பகுதி கழிவாகவே முடிந்திருக்கும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. அந்தக் காலத்தில் கையுறை அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்பட்டதையும் அது சுட்டிக்காட்டியது. தேவையில்லாத இடத்தில் அணியும் கையுறை பாதுகாப்பைக் கூட்டுவதில்லை. கை கழுவும் பழக்கத்தைக் குறைத்துக் கழிவைத்தான் கூட்டுகிறது. மாத்திரை போதுமான இடத்தில் ஊசி போடாமல் இருப்பதும் கழிவு மேலாண்மையே.

கழிவு வார்டை விட்டு வெளியேறிய பின் செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. பையை முக்கால் பங்கிலேயே கட்டி, எந்தப் பிரிவிலிருந்து எந்த நாளில் வந்தது என்று குறிக்க வேண்டும். உடம்போடு அணைத்துத் தூக்காமல், அதற்கென்றே ஒதுக்கிய மூடிய தள்ளுவண்டியில் கொண்டுசெல்ல வேண்டும். உணவும் துவைத்த துணியும் போகும் வழியும் நேரமும் இதற்கு வேறாக இருக்க வேண்டும். சேமிப்பு அறைக்குப் பூட்டு, கழுவத்தக்க தளம், வடிகால், பறவையும் விலங்கும் நுழையாத அமைப்பு ஆகியவை தேவை. குளிரூட்டும் வசதி இல்லையென்றால், வெப்பமான தட்பவெப்பத்தில் குளிர்ந்த பருவத்தில் 48 மணி நேரத்துக்கும் கோடையில் 24 மணி நேரத்துக்கும் மேல் தொற்றுக் கழிவை வைத்திருக்கக் கூடாது. மிதவெப்ப நாடுகளில் இந்த வரம்பு குளிர்காலத்தில் 72, கோடையில் 48 மணி நேரமாக நீள்கிறது.

இனி, உங்கள் கேள்வியின் மையமான அழிக்கும் முறைக்கு வருகிறேன். தொற்றுக் கழிவின் பெரும்பகுதிக்கு இன்று பரிந்துரைக்கப்படுவது எரித்தல் அல்ல; ஆட்டோகிளேவ் என்று நாம் அழைக்கும் அழுத்த நீராவிக் கலனில் கிருமி நீக்குவதே. வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் 121 டிகிரி செல்சியசை எட்டுகிறது. கழிவுக்குக் குறைந்தது 30 நிமிடம் அந்த வெப்பம் வேண்டும். இங்கே பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. அந்த 30 நிமிடத்தைக் கலனின் முகப்பில் உள்ள அளவுமானி 121 காட்டியதிலிருந்து எண்ணக் கூடாது. பையின் நடுவில் இருக்கும் பொருள் அந்த வெப்பத்தை எட்டியதிலிருந்து எண்ண வேண்டும். நீராவி குளிர்ந்த பொருளைத் தொட்டு நீராக மாறும்போது வெளிவிடும் வெப்பமே கிருமியைக் கொல்கிறது. பைக்குள் காற்று சிக்கியிருந்தால் நீராவி அங்கே நுழையாது. வெளியே 121 டிகிரி இருக்கையில் நடுவில் கிருமிகள் உயிரோடு இருக்கும். அதனால்தான் கழிவைக் கையாளும் கலன்களில், முதலில் காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கிவிட்டு நீராவியைச் செலுத்தும் வகை விரும்பப்படுகிறது. கலனை நெருக்கமாகத் திணித்து நிரப்புவதும், காற்று வெளியேறவும் நீராவி நுழையவும் முடியாதபடி பையை இறுகக் கட்டி வைப்பதும் இதே காரணத்தால் தவறு.

கலன் உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிய, ஜியோபாசிலஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அடங்கிய சிறு குப்பியையோ பட்டையையோ கழிவின் நடுவில் வைத்து இயக்கிப் பார்க்க வேண்டும். வெப்பத்தை மிகவும் தாங்கும் அந்த வித்துகளே பிழைக்கவில்லை என்றால் நோய்க்கிருமிகளும் பிழைத்திருக்காது என்று நம்பலாம். நிறம் மாறும் ஒட்டுப்பட்டையை மட்டும் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். அந்தப் பை கலனுக்குள் சென்று வந்தது என்பதைத் தவிர அது வேறெதையும் உறுதி செய்யாது. கிருமி நீங்கிய ஊசிகளையும் சிரிஞ்சுகளையும் பின்னர் அரைத்துத் துண்டாக்கினால் எவரும் அவற்றை எடுத்து மீண்டும் விற்க முடியாது. ஆய்வகத்தில் கிருமிகளை வளர்த்த தட்டுகளும் குழாய்களும் கழிவுகளிலேயே கிருமிச் செறிவு மிகுந்தவை; அவற்றை ஆய்வகத்துக்குள்ளேயே ஆட்டோகிளேவ் செய்த பிறகுதான் வாசலைத் தாண்ட விட வேண்டும்.

எரிப்பதற்கு நான் எதிரானவன் அல்லன். மோசமாக எரிப்பதற்கே எதிரானவன். முறையான எரிகலனில் இரண்டு அறைகள் உண்டு. முதல் அறையில் கழிவு எரிந்து வாயுவாகிறது. இரண்டாம் அறையில் அந்த வாயு 850 முதல் 1,100 டிகிரி வரையான வெப்பத்தில் குறைந்தது இரண்டு நொடி தங்கி முழுமையாகச் சிதைகிறது. பின்னர் அது விரைவாகக் குளிர வேண்டும். ஏனெனில் புகை 450 டிகிரியிலிருந்து 200 டிகிரி வரை மெதுவாக இறங்கினால், குளோரினும் கரிமத் துகளும் சேர்ந்து டையாக்சின்கள் மீண்டும் உருவாகின்றன. புற்றுநோயை உண்டாக்கவல்ல இந்த நச்சுகள் மண்ணிலும் கொழுப்பிலும் பல ஆண்டுகள் நிலைத்து, பால், இறைச்சி, மீன் வழியாக உடலுக்குள் திரும்புகின்றன. 2001இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, இந்நச்சுகளின் முக்கிய மூலங்களில் ஒன்றாகக் கழிவு எரிகலன்களைக் குறிப்பிட்டு, மருத்துவக் கழிவை எரிப்பதையும் அதில் சேர்த்திருக்கிறது.

இப்போது, எல்லாவற்றையும் சேர்த்து எரிக்கும் உங்கள் யோசனையை மறுபடி பாருங்கள். டிரிப் பைகளிலும் குழாய்களிலும் பி.வி.சி. பிளாஸ்டிக் இருக்கலாம்; அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். பிளீச்சிங் கரைசலில் ஊறிய பொருட்களும் குளோரினைச் சேர்க்கும். உடைந்த வெப்பமானியின் பாதரசம் ஆவியாகிப் புகைபோக்கி வழியே நேராகக் காற்றில் கலக்கும். அழுத்தமூட்டிய தெளிப்பான் குப்பிகள் வெடிக்கும். ஈரமான உணவுக் கழிவு வெப்பத்தைக் கீழே இழுத்து, முழுமையாக எரியாத புகையை உண்டாக்கும். இதையே ஒரு தகர டிரம்மிலோ கொல்லைப்புறக் குழியிலோ செய்தால் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும், டையாக்சின் மிகுதியாகும், ஊசிகளோ கருகிய நிலையில் கூர்மை குறையாமல் சாம்பலில் கிடக்கும். நல்ல எரிகலனின் சாம்பலிலும் கன உலோகங்கள் இருப்பதால், அதையும் ஆபத்தான கழிவாகக் கொண்டு பாதுகாப்பான நிலநிரப்புத் தளத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்; செடிகளுக்கு உரமாகப் போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். உடலிலிருந்து அகற்றிய உறுப்புகள், திசுக்கள், சில வகை மருந்துகள் ஆகியவற்றுக்கு உயர்வெப்ப எரிப்பு தேவைப்படலாம். அதற்கு, பராமரிப்பும் கண்காணிப்பும் உள்ள பொதுவான மையத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்வதே 60 படுக்கை மருத்துவமனைக்கு ஏற்ற வழி. அத்தகைய மையம் எட்டாத தொலைவில் இருக்கும் சிறு நிலையங்களில், நஞ்சுக்கொடிக்கென வேலியிட்ட, அடிப்பகுதி நிலத்தடி நீர்மட்டத்துக்கு நன்கு மேலே இருக்கும் ஆழ்குழியும், ஊசிகளுக்கென மூடிய கான்கிரீட் குழியும் தற்காலிக ஏற்பாடாக ஏற்கப்படுகின்றன.

காலாவதியான மருந்துகளையும் வேதிப்பொருட்களையும் பற்றி எச்சரிக்கையாக இருங்கள், ஏனெனில் இவற்றில் கிருமி இல்லை என்பதால் ஊழியர்கள் எளிதாகக் கழிவறையில் கொட்டிவிடுகிறார்கள். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து சாக்கடையில் கலந்தால், அங்குள்ள பாக்டீரியாக்கள் அந்த மருந்தைத் தாங்கப் பழகிவிடும் ஆபத்து உண்டு. புற்றுநோய்க்குக் கொடுக்கும் செல்கொல்லி மருந்துகளின் மிச்சமும், அவை தோய்ந்த குழாய்களும் கையுறைகளும் தனிக் கலத்தில், தனிக் குறியோடு இருக்க வேண்டும். அவற்றை ஆட்டோகிளேவில் வைத்தால் மருந்து சிதையாது, ஆவியோடு கலந்து இயக்குபவரின் மூச்சுக்குள் போகலாம். பாதரசக் கருவிகளைப் படிப்படியாகக் கைவிடுவதற்கு 2013இல் கையெழுத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை வழிவகுத்திருக்கிறது. பழைய வெப்பமானிகளும் ரத்த அழுத்தமானிகளும் எஞ்சியிருந்தால் மின்னணுக் கருவிகளுக்கு மாறிவிடுங்கள். சிந்திய பாதரசத்தைத் துடைப்பத்தால் கூட்டவோ வெற்றிட உறிஞ்சியால் எடுக்கவோ கூடாது. இரண்டும் அதைப் பரப்பத்தான் செய்யும்.

கதிரியக்கக் கழிவு உங்கள் மருத்துவமனையில் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் ஒரு நிகழ்வைச் சொல்லாமல் விட மனமில்லை. 1987இல் பிரேசில் நாட்டின் கோயானியா நகரில், இடம் மாறிச் சென்ற ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையம் சீசியம்-137 அடங்கிய தன் பழைய கருவியைக் கைவிடப்பட்ட கட்டடத்திலேயே விட்டுச் சென்றிருந்தது. பழைய இரும்பு தேடி வந்தவர்கள் அதைக் கழற்றி எடுத்துச் சென்றார்கள். பிரித்துப் பார்க்க முயன்றபோது உறை உடைந்தது; பின்னர் அது பழைய பொருள் கடைக்கு விற்கப்பட்டது. இருளில் நீலமாக ஒளிர்ந்த தூளை அழகென்று எண்ணி உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் பகிர்ந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆறு வயதுச் சிறுமி. 1,12,000க்கும் மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டதில் 249 பேரிடம் கதிரியக்க மாசு கண்டறியப்பட்டது. மருத்துவமனை தான் கைவிட்ட பொருளை மறந்துவிடலாம். அதை எடுப்பவருக்கு அது என்னவென்றே தெரியாது. குறுகிய ஆயுள் கொண்ட அயோடின்-131 போன்றவற்றை, அரை ஆயுட்காலத்தைப் போல், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலத்தைப் போல், பத்து மடங்கு காலம் காப்பறையில் வைத்திருந்தால் கதிரியக்கம் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். அயோடினுக்கு அது ஏறத்தாழ 80 நாட்கள். நீண்ட ஆயுள் கொண்ட மூலங்களை உரிய அணுசக்தி ஒழுங்குமுறை அமைப்பின் வழியாக மட்டுமே ஒப்படைக்க வேண்டும்.

கழிவை ஒப்பந்த நிறுவனத்தின் வண்டியில் ஏற்றிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்ற எண்ணமும் சரியல்ல. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் வந்த எடையையும், வண்டியில் ஏறிய எடையையும், அழிக்கும் மையம் பெற்றுக்கொண்டதாகச் சான்றளித்த எடையையும் மாதந்தோறும் ஒப்பிடுங்கள். வாங்கிய சிரிஞ்சுகளின் எண்ணிக்கைக்கும் அழிந்த சிரிஞ்சுகளின் எடைக்கும் பெரிய இடைவெளி இருந்தால், எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது முன்னறிவிப்பின்றி அந்த மையத்துக்கு நேரில் சென்று பாருங்கள்.

இறுதியாக, இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கும் மனிதர்களைப் பற்றி. கூலி மிகக் குறைவு, பயிற்சி மிகக் குறைவு, ஆபத்து மட்டும் மிக அதிகம் என்ற நிலையில்தான் பெரும்பாலான இடங்களில் தூய்மைப் பணியாளர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்த ஊழியர் என்பதற்காக ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியில் அவர்களை விட்டுவிடும் வழக்கம் எனக்கு இன்றும் பொறுக்க முடியாததாக இருக்கிறது. 0, 1, 6 ஆகிய மாதங்களில் மூன்று தவணைகள். பணியில் சேரும் நாளிலேயே முதல் தவணையைப் போட்டுவிடலாம். நோயாளியைத் தொடும்போது அணியும் மெல்லிய கையுறை அவர்களுக்குப் போதாது. தடித்த ரப்பர் கையுறை, முழுமையாக மூடிய காலணி, நீர்புகா முன்னாடை ஆகியவை வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஊசி குத்தினால், காயத்தைப் பிதுக்காமல், பிளீச்சிங் கரைசலையோ வேறு எரிச்சலூட்டும் திரவத்தையோ ஊற்றாமல், ஓடும் நீரிலும் சோப்பிலும் உடனே கழுவ வேண்டும். தாமதமின்றி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றவரை சில மணி நேரத்துக்குள், தவறினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கலாம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவராக இருந்தால் அதையும், தேவையெனில் எதிர்ப்புப் புரத ஊசியையும் அளிக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு இது நடந்தால் யாரை அழைக்க வேண்டும், மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்பது ஒவ்வொரு பிரிவின் சுவரிலும் எழுதப்பட்டிருக்கட்டும். குத்துப்பட்டதைச் சொன்னவரைக் கடிந்துகொள்ளும் மருத்துவமனையில் அடுத்தவர் சொல்ல மாட்டார். பதிவேட்டில் ஒரு நிகழ்வும் இல்லாத மாதம் வந்தால் மகிழ்வதற்கு முன் பணியாளர்களிடம் தனியே பேசிப் பாருங்கள். ஒவ்வொரு பதிவையும் எடுத்துக்கொண்டு, அந்த ஊசி எந்த அறையிலிருந்து வந்தது, அந்த அறையில் பெட்டி எங்கே இருந்தது, அன்று நிறைந்திருந்ததா என்று பின்னோக்கி நடந்து பாருங்கள். அடுத்த நாளே அந்தப் பெட்டியின் இடத்தை மாற்றுங்கள்.